கெம்பாஸ் மரத்தடியில் எடுத்த படம்

எனக்கு எண்பது வயது. ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். நான் பிறந்ததை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. வளர்த்தது ஏழு பேரை. ஐந்து என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் நாத்தனார் விட்டுப் போனவை. ஏழும் நல்லபடியாகத் தலையெடுத்தன. ஒருவரும் இன்னொருவர் வாசலில் போய்க் கை நீட்டியதில்லை. இதை முதலில் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. பெயரை எழுதுவேன், பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிப் படிப்பேன். அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். இவள் போன வாரம் காமிராவைத் தூக்கிக்கொண்டு கடலோரம் போய், பொழுது விழுவதைப் படம் பிடித்து வந்தாள். கலர் கலராக இருந்தது. "இந்த மாதிரி கிறுக்கெல்லாம் உங்க காலத்துல இருந்துச்சா பாட்டி?" என்று கேட்டாள். இருந்தது. இவள் தாத்தாவுக்கே இருந்தது. அதனால் எங்கள் சோறே பறிபோக இருந்தது. நான் சொன்னால் இவள் நம்பவில்லை. அதற்காகத்தான் இது.

அப்போது இது வெள்ளைக்காரர் ஆண்ட மலாயா. நாங்கள் ஆயர் ஈத்தாமுக்கு இந்தப் பக்கம், பெரிய சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் தோட்டத்தில், இருந்தோம். அவர் அங்கே கிராணி. ஆபீசில் உட்கார்ந்து பேர் எழுதுவது, ரப்பர் பால் எடைக் கணக்கைப் போடுவது, துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவது, இதுதான் கிராணி வேலை. வேலையோடு ஒரு பலகை வீடும் கொடுத்திருந்தார்கள். ஆட்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராக்களைப் போல வரிசையில் ஒட்டி இல்லாமல், தனியாக, சுற்றிலும் வேலி போட்ட வீடு. அந்த வேலி எனக்குப் பெரிய பெருமை.

ஒரு தடவை தோட்டத்து வேலையாக ஜொகூர் பாரு போனவர், திரும்பும்போது கறுப்பாக ஒரு பெட்டி கொண்டுவந்தார். முன்னால் ஒரு கண்ணாடிக் கண். மேலே இன்னொரு சின்னக் கண்ணாடி. படம் பிடிக்கும் பெட்டி என்றார். சீனர் படக்கடையில் பழசாகக் கிடைத்ததாம்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பிள்ளைகளுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, நான் கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். எங்களை ஒன்று எடுத்தார். உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சதுப்புப் பக்கம் போய்விட்டார். பட்டுப் புடவையோடு நான் அங்கேயே நிற்கிறேன்.

பிலிம் சுருளை ஜொகூர் பாருவுக்கு அனுப்பி, கழுவி, தபாலில் படங்கள் வர வெகு நாளாயிற்று. உறையைப் பிரித்தோம். எங்கள் படத்தில் என் தலை பாதிதான் வந்திருந்தது. மற்றதெல்லாம் சாம்பல் நிறம். தண்ணீர், கோரைப்புல், நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம்.

"என்னங்க இது, ஆளே இல்ல?"

"ஆள் எதுக்கு?"

"படம்னா ஆள்தானங்க?"

"இது சாயங்காலம்," என்றார்.

"சாயங்காலம் தெனமும் வருதே. அதுக்குக் கடையில குடுத்துக் கழுவணுமா?"

"தெனமும் வருது. ஆனா இது போன மாசம் வந்தது. இது திரும்ப வருமா, சொல்லு."

வராதுதான். ஆனால் வந்துதான் என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. சிவப்பாக விழுந்த சூரியன் வெள்ளையாக வந்திருக்கிறதே, அதை எப்படிச் சாயங்காலம் என்று சொல்வது? காலையாகவும் இருக்கலாமே? இதைக் கேட்டதற்கு அவர் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து வேலை முடிந்ததும் பெட்டியோடு கிளம்புவது வழக்கமாகிவிட்டது. சத்தமில்லாத இடமாகப் பார்த்துப் போவார். அவருக்குப் பிடித்த இடம் சதுப்போரத்து மேடு. அங்கே ஒரு கெம்பாஸ் மரம் நின்றது. தோட்டம் போடுவதற்காகக் காட்டை அழித்தபோது, கோடாலி மழுங்கும் என்று அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்களாம். வெள்ளைக் கொம்பாக வானத்துக்குப் போகும். அதன் பின்னால்தான் பொழுது விழும். நம் பக்கம் பொழுது நின்று விழாது, சட்டென்று விழும். அந்த ஒரு நொடியைப் பிடிக்கத்தான் அவர் ஓடுவார்.

ஒரு நாள் என்னையும் கூப்பிட்டு மேல்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். குனிந்து பார்த்தேன். என் கட்டைவிரல் அகலத்துக்குள் மரம், தண்ணீர், வானம் எல்லாம் இருந்தன. நான் வலப்பக்கம் திரும்பினால் உள்ளே மரம் வேறு பக்கம் ஓடியது. எனக்குத் தலை சுற்றியது. "ஏன் எல்லாம் மாறித் தெரியுது?" என்றேன். "அது அப்படித்தான்," என்றார். அவரும் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பதில் சொல்வார்.

இப்போதைய காமிராவைப் போல அதைக் கண்ணில் வைக்க முடியாது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, தலையைக் குனிந்து, மேல்கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். அதனால் மூச்சை அடக்கி நிற்க வேண்டும். கொஞ்ச தூரத்தில், பாதையில் போகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? முதுகுதான் தெரியும். கிராணியய்யா, விழுகிற சூரியனுக்கு நேராக, மரத்துக்கு முன்னால், கையை வயிற்றோடு சேர்த்து, தலை குனிந்து, அசையாமல் நிற்கிறார். அதுவும் பல நாளாக, அதே நேரத்தில்.

ஒரு நாள் அவர் சீக்கிரமே திரும்பி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"யாரோ என் மரத்தடியில ஒரு கல்ல நட்டு மஞ்சள் பூசியிருக்காங்க."

"யாரு?"

"தெரியல. செவப்புத் துணி வேற கட்டியிருக்கு. படத்துல அசிங்கமா விழும்."

மறுநாள் நான் குழாயடியில் பெண்களிடம் கேட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன கிராணியம்மா, எங்களைப் போய்க் கேக்குறீங்க? ஐயா கும்பிடுற சாமிதானே?"

"அவரு கும்பிடல. படம் புடிக்கிறாரு."

"சரிங்கம்மா, படம்தான்," என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நெசமாத்தான் சொல்றேன்."

"ஐயாவுக்கு மட்டும் காட்டுன சாமிய எங்களுக்கும் கொஞ்சம் விடுங்கம்மா. பெரிய வீட்டுக்காரங்க எதையும் வேலிக்குள்ளேயே வெச்சுக்குவீங்க."

உண்மையைச் சொன்னால் ஒளிக்கிறேன் என்கிறார்கள். பொய் சொன்னாலாவது நம்பியிருப்பார்களோ என்னவோ. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் படம்தான் பிடிக்கிறார். ஆனால் இவ்வளவு மரம் இருக்கும் தோட்டத்தில் ஏன் அந்த மரத்தடிக்கே போகிறார்? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச காலத்தில் துரை லாரிப் பாதை போட உத்தரவு போட்டார். ஸ்டோரிலிருந்து பெரிய சாலைக்கு நேராக ஒரு கோடு. அந்தக் கோட்டில் கெம்பாஸ் மரம் நின்றது. கங்காணி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்கள் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்கள். கிராணியய்யா கும்பிடுகிற மரத்தில் நாங்கள் கை வைக்க மாட்டோம் என்றார்கள்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

"தொரை என்ன சொன்னாரு?"

அவர் துரையின் தமிழிலேயே சொல்லிக் காட்டினார். "'கிராணி, நீ சாமி வெச்சான். நீ சாமி எடு. சனிக்கெழம மரம் விழல, நீ சாவி குடு, போ.'"

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. சாவி என்றால் ஆபீஸ் சாவி. அது போனால் வேலை போயிற்று, வீடு போயிற்று, வேலியும் போயிற்று. ஏழு பிள்ளைகளில் மூத்தவன் அப்போதுதான் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான். கடைசி என் இடுப்பில்.

"நீங்க நாலு பேருக்கு முன்னால சொல்லிடுங்க, அங்க சாமி இல்லன்னு."

"சொல்லத்தான் போறேன். அதுதானே உண்மை."

அவர் பொய் சொல்லாத ஆள். அது எங்கள் வீட்டில் பெரிய தொல்லை. ஆனால் இந்த ஒரு தடவை உண்மையே நமக்கு உதவும் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன் பெரட்டுக்கு எல்லாரும் வந்து வரிசையில் நின்றார்கள். பேர் கூப்பிடுகிற இடத்துக்குக் கிராணி வீட்டுப் பெண்பிள்ளை போகும் வழக்கம் இல்லை. நான் போனேன். கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவர் கையில் ஒரு படம். மேட்டில் எடுத்ததிலேயே அவருக்கு மனசுக்கு நிறைந்த படம் அது ஒன்றுதான். அதன் பிலிம் சுருளை ஈரம் தின்றுவிட்டது. அதிலிருந்து இன்னொரு படம் போட வழியில்லை.

"இங்க பாருங்க," என்றார். "அங்க சாமி கெடையாது. நான் கும்பிடல. குனிஞ்சு பெட்டிக்குள்ள பாத்தேன், அவ்வளவுதான்."

பால்வெட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். நாக்கு நீளம், துரைக்கே பதில் சொல்வாள். அவள்தான் கேட்டாள்.

"பெட்டிக்குள்ள என்ன தெரிஞ்சுதுங்க ஐயா?"

"மரம் தெரிஞ்சுது."

"மரந்தான் குனியாமலே தெரியுதே!"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. படத்தை நீட்டினார். "நீங்களே பாருங்க. இதுல ஏதாவது இருக்கா? மரம், தண்ணி, வெளிச்சம். வேற ஒண்ணும் இல்ல."

படம் கை மாறிக் கை மாறிப் போனது. விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பெண் மறுபடி கேட்டாள். இப்போது குரலில் கிண்டல் இல்லை.

"ஐயா, இத்தன வருசமா நாங்க ஒங்க முன்னால நிக்கிறோம். ஒரு நாளாச்சும் எங்கள நிக்க வெச்சு ஒரு படம் புடிச்சீங்களா? இல்ல. ஒங்க பொண்டாட்டியையே ஒரு தடவதான் புடிச்சீங்களாம், அதுவும் பாதித் தலைன்னு அம்மா சொன்னாங்க. இத்தன பேர விட்டுட்டு அந்த எடத்தத் தேடித் தேடிப் புடிச்சீங்க. அங்க ஒண்ணும் இல்லன்னா எதுக்குப் புடிச்சீங்க?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லுங்கள், ஏதாவது சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். இங்கிலீஷ் படித்தவர், துரைக்கு எழுதிக் கொடுக்கிறவர். ஒரு சொல் வரவில்லை. எனக்கே அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

கல்லை நட்டு மஞ்சள் பூசியவர் கம்பி மாதிரி ஒல்லியான ஒரு மனிதர். களை வெட்டுகிற வேலை, வெள்ளிக்கிழமையில் பூசாரி வேலை. அவர் முன்னால் வந்து படத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஆளப் படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு சொல்றாங்களே, ஏன்?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். "ஆளுல கொஞ்சம் படத்துக்குள்ள போயிடுது. அதான். ஐயா இத்தன நாளாப் புடிச்சுப் புடிச்சு, சாமி முழுசா இதுக்குள்ள வந்துட்டாரு. மரத்துல இப்ப ஒண்ணும் பாக்கி இல்ல."

கூட்டம் முனகியது. கங்காணி காதைத் தீட்டிக்கொண்டார்.

"அப்ப மரத்த வெட்டலாமா?"

"படத்த எங்ககிட்ட குடுத்துட்டா, வெட்டலாம்."

கங்காணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் இவர் போய்ப் படத்தைப் பூசாரி கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இது படம். இதுல சாமி இல்ல. இருக்குன்னு சொல்லி நான் குடுக்க மாட்டேன். அது பொய்."

வானம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. துரையின் வண்டி வருகிற நேரம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்பதற்காகப் படத்தைக் கொடுக்க மறுக்கிறாரா? இல்லை, படத்தைக் கொடுக்க மனசில்லாமல் பொய்யைக் காரணம் சொல்கிறாரா? இந்த இரண்டில் எது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அப்போது நேரமும் இல்லை. பிள்ளையை அந்த நாக்கு நீளக்காரி கையில் கொடுத்தேன். நேராக அவரிடம் போனேன்.

"அவங்க என்ன கேட்டாங்க?"

"படம்."

"நாம குடுக்கப் போறது என்ன?"

அவர் படத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"படம்தானே? கேட்டது படம், குடுக்கிறது படம். இதுல பொய் எங்க இருக்கு?"

அவர் விரலிலிருந்து அதை உருவி, பூசாரி கையில் கொடுத்தேன். இவர் தடுக்கவில்லை. விட்டுக் கொடுத்த மாதிரியும் இல்லை. அவ்வளவு பேர் பார்க்க நான் செய்தது அது. அன்றும் கூச்சப்படவில்லை, இன்றும் கூச்சப்படவில்லை. ஏழு பிள்ளைகள் எழுத்துப் படித்தது அந்த வேலையில்தான். பின்னால் ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியபோதுகூட அவர் வேலை போகவில்லை. படத்துச் சாமி காப்பாற்றியது என்று லயத்தில் சொன்னார்கள். நான் காப்பாற்றினேன் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் போய் ஒரு சூடம் ஏற்றினேன். எதற்கு ஏற்றினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மரம் லேசில் விழவில்லை. கோடாலிகள் மழுங்கின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது சாய்ந்த சத்தம் எங்கள் வீட்டுப் பலகைச் சுவரில் அதிர்ந்தது. அவர் அப்போது வீட்டில்தான் இருந்தார். வெளியே வந்து பார்க்கவில்லை. துரை மறுநாள், "நல்ல வேலே, கிராணி," என்று சொன்னாராம். அதையும் அதே தமிழில் சொல்லிக் காட்டினார். இந்தத் தடவை நான் சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

லயத்து முனையில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். மாலை போட்டார்கள். குங்குமப் பொட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல், நடுவில் இருந்த வெள்ளை வட்டத்தின் மேலேயே வைத்துவிட்டார்கள்.

"சூரியன மறைச்சிட்டாங்க," என்றார். அது ஒன்றுதான் அவர் சொன்ன குறை.

ஆனால் வேலை முடிந்ததும் அங்கே போக ஆரம்பித்தார். பெட்டி இல்லாமல், வெறுங்கையோடு. படத்துக்கு முன்னால் நிற்பார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். திரும்பி வரும்போது கேட்டேன்.

"கும்பிட்டீங்களா?"

"பாத்தேன்."

"பாத்தா இவ்வளவு நேரமா?"

கொஞ்ச தூரம் நடந்தார். "கும்பிட்ட மாதிரியும்தான் இருந்துச்சு," என்றார். "எனக்கே சரியாச் சொல்லத் தெரியல."

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. அவருக்கே தெரியவில்லை என்றால் நான் யாரைப் போய்க் கேட்பேன்?

வெகு நாள் கழித்துத்தான் பெட்டியை மறுபடி வெளியே எடுத்தார். இந்தத் தடவை என்னையும் வரச் சொன்னார். தோட்டத்தின் அடுத்த எல்லையில் ஓர் ஆறு. அதைத் தாண்டினால் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பம். ஆற்றங்கரையில் நின்று பெட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு, "நீ பேசிக்கிட்டே இரு," என்றார்.

"என்னத்தப் பேச?"

"எதையாவது. சத்தமாப் பேசு. சும்மா நின்னா இங்கயும் கல்ல நட்டுடுவாங்க."

இவ்வளவு நாள் சத்தம் கூடாது என்று தேடித் தேடிப் போன மனிதர் இவர். நான் பேசினேன். கருவாடு நாற்றம் வீட்டை விட்டுப் போகாததைப் பேசினேன். இரண்டாவது பையனுக்குப் பல் முளைக்கிற வரிசை சரியில்லை என்று பேசினேன். நாத்தனார் மகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று பேசினேன். அவர் குனிந்தபடி நின்றார். ஆற்றில் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, தண்ணீர் எது வானம் எது என்று தெரியாமல் ஆகிவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே?" என்று அவர் கேட்டபோதுதான் நான் பேசவில்லை என்பதே எனக்குத் தெரிந்தது.

"தெரியலீங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பின்னால் பாதையில் ஓர் ஆள், தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பயபக்தியாக நின்றுகொண்டிருந்தான்.

"அடிப்பாவி, பேசு, பேசு!" என்றார். நான் கருவாட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

அந்த ஆள் போகவில்லை. கருவாட்டுக் கதையையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றான்.

இதுதான் நடந்தது. அந்த மரத்தடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்தது என்று சொன்னால் அவர் பொய் என்பார். நான் சொல்லும்போதே சில இடத்தில் சாமி என்றேன், சில இடத்தில் படம் என்றேன். இவள் எதை எங்கே எழுதினாளோ.

எங்கே, நீ எழுதினதை முதலிலிருந்து வாசி ஆயி. மெதுவா வாசி. நான் கேட்டுப் பார்க்கிறேன்.